அரைமண்டியின் ஆழமும் முழங்காலின் சுமையும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு, ஆடல்வல்லானின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. அங்கே இறைவன் ஆடியது, ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கிய ஊர்த்துவ தாண்டவம். பார்ப்பவர் கண் உயர்ந்த காலிலேயே நிற்கும். உடலைத் தாங்குவதோ ஊன்றிய கால். பரதநாட்டியப் பயிற்சியிலும் கண் இப்படித்தான் ஏமாறுகிறது. முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் நிலையான அரைமண்டியில் நாம் பார்ப்பது பக்கவாட்டில் திரும்பிய பாதங்களையும் உட்கார்ந்த ஆழத்தையும். இரண்டுமே விளைவுகள், காரணம் இடுப்பு மூட்டில் இருக்கிறது. தேர்ந்தவர் தொடை எலும்பை இடுப்புக் குழிக்குள் வெளிப்புறமாகத் திருப்புகிறார். முழங்காலும் பாதமும் அதே திசையில் தொடர்கின்றன. புதியவர் பாதத்தை முதலில் திருப்பி வைத்துவிட்டு அதன்மேல் உட்காருகிறார். லத்தீன் நடனமான ரும்பாவிலும் இடுப்பசைவு, முழங்கால் மடங்கி நிமிர்வதாலும் எடை கால் மாறுவதாலும் தானே வருவது. புதியவர் இடுப்பை மட்டும் ஆட்டுவார். அங்கே தவறு சட்டென்று தெரிந்துவிடும், அரைமண்டியில் தெரியாது. மடங்கிய முழங்கால், நீட்டிய முழங்காலைவிட அதிகம் முறுக இடங்கொடுப்பதால், தொடை திரும்பாமலே பாதம் திரும்பிவிடுகிறது. தோற்றம் சரியாக இருக்கும். முறுக்கை முழங்கால் வாங்கிக்கொள்ளும், பாதத்தின் உள்வளைவும் சரியும்.

அடிப்படை அசைவுகளான அடவுகளைக் கற்பிக்கும் முறையின் பலம் பெரிது. தட்டடவில் தொடங்கி, வலமும் இடமும் சமமாகச் செய்யவைத்து, ஒரே தாளத்துக்குள் தட்டுகளை இரட்டிப்பாக்கி, மீண்டும் இரட்டிப்பாக்கி மூன்று காலங்களில் சுமையை ஏற்றுகிறது. மூன்றாம் காலத்தில் உண்மை வெளிப்படும். தேர்ந்தவரின் தலை ஒரே மட்டத்தில் நிற்க, கால் மட்டும் தரையில் இறங்குகிறது. புதியவர் கால் தூக்கும்போதெல்லாம் எழும்புவதால், தட்டும்போது உடம்பின் எடையும் கூடவே விழுகிறது. ‘எழும்பாதே’ என்று வாத்தியார் அதட்டுவது அழகுக்காக மட்டுமென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறை எங்கே என்றால், முதல் ஆண்டிலேயே எல்லோரிடமும் ஒரே ஆழத்தைக் கேட்பதிலும் அரங்கேற்ற அவசரத்திலும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பில் வாரம் இரண்டு நாள், வெறுங்காலோடு சிமென்ட் தரையில் தட்டும் குழந்தைக்கு, அந்தத் தரை அதிர்ச்சியில் எதையும் குறைத்துக் கொடுக்காது.

முன்னோர் கோயில் கல்தரையில் ஆடவில்லையா என்று கேட்பார்கள். ஆடினார்கள், நட்டுவனார் கண்ணெதிரே தினமும் பயின்று ஆடினார்கள். முழங்கால் கெட்டு நின்றுபோனவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆழம் குறைந்தால் அரைமண்டியே இல்லை என்பது கனமான மறுப்பு. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா வழியாகப் பரவிய, கோடு பிசகாத அரைமண்டியின் அழகை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இடுப்புக் குழியின் ஆழமும் தொடை எலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. வளர்ந்து முடிந்த எலும்பின் அமைப்பைப் பயிற்சி மாற்றாது. ஆகவே முழங்கால் சில்லு இரண்டாம் கால்விரலுக்கு நேரே நிற்கும் அளவுக்கு மட்டுமே உட்காரச் சொல்ல வேண்டும். வரிசையில் நான்கு பிள்ளைகள் நான்கு உயரத்தில் தெரிவார்கள்தான். தொடையும் இடுப்பும் வலுக்க வலுக்க, அவரவர் எலும்பு அனுமதிக்கும் அளவுக்கு அந்த உயரம் இறங்கும்.