ஆடுவோரும் ஆட்டுவிக்கப்படுவோரும்
‘வெண்பா’ என்னும் வீடியோ விளையாட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொருள்களுள் சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் அடங்கும். 2023-ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திற்குச் செல்வோர், வைகைக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர் உழைத்ததோடும் உண்டதோடும் நின்றுவிடாமல் ஆடியும் மகிழ்ந்தனர் என்பதைக் கண்ணாரக் காணலாம். அந்த மரபின் தொடர்ச்சியாகவே ஊர் மண்டபங்களின் கல்தளங்களிலும் பாறைகளிலும் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டன எனலாம்.

ஆடுபுலி ஆட்டத்தைச் சற்று ஊன்றி நோக்குவோம். புலிகள் 3, ஆடுகள் 15. தனித்து நிற்கும் ஆட்டைத் தாண்டிப் புலி வெட்டிவிடும். ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நெருங்கி நின்றால், வலிமை மிக்க புலி நகர வழியின்றி அடைபட்டுப் போகும். எளியோரின் ஒற்றுமையைப் பற்றி இங்கே எவரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ஆட்டத்தின் விதியே அதனை உணர்த்திவிடுகிறது. கவிஞன் சொல்லாலும் ஓவியன் வண்ணத்தாலும் பேசுவதைப் போன்று, விளையாட்டைப் படைப்பவன் விதிகளால் பேசுகிறான். ஆகவே விளையாட்டு அமைப்பும் ஒரு கலையே. கலையாயின் அது திறனாய்வுக்கும் உரியது.

ஆயினும் நம் இதழ்கள் புதினத்தையும் திரைப்படத்தையும் ஆய்ந்த அளவிற்கு வீடியோ விளையாட்டுகளை ஆய்ந்ததில்லை. நல்லது எது, தீயது எது என்று பகுத்துக் காட்டாமல் எல்லாவற்றையும் ஒருசேரக் கண்டிப்பதோடு நின்றுவிடுகிறோம். இக்குறையைச் சிறிதளவேனும் நீக்கும் பொருட்டு, ‘வெண்பா’ என்னும் படைப்பை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

அடுக்களையில் ஒரு காவியம்

கனடாவின் டொராண்டோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனத்தை நிறுவிய அபி என்னும் தமிழர் வடிவமைத்த இவ்விளையாட்டு, 2023 ஜூலை 31 அன்று வெளியாயிற்று. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு விளையாட்டு உலக அரங்கில் பெற்ற இச்சிறப்பு நம்முள் பலருக்குத் தெரியாமலே போயிற்று.

கதை எளியது. 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியர். அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். அன்னை தந்தனுப்பிய சமையல் குறிப்பேடு வெண்பாவிடம் இருக்கிறது. அதன் ஏடுகள் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றன. அழிந்துபோன வரிகளை ஊகித்து, வரிசை பிறழாமல் சமைத்து முடிப்பதே ஆடுவோரின் பணி. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் இடுவது என்பனவே இங்குப் புதிர்கள். சுடுவதும் வெட்டுவதும் இல்லை, எதிரியும் இல்லை.

இதன் வடிவமைப்பில் மூன்று கூறுகள் நம் கருத்தை ஈர்க்கின்றன. முதலாவது, கடிகாரம் இல்லை. ஆடுவோரை விரட்டுவதற்கு எதுவும் இல்லை. தவறினால் தண்டனையின்றி மீண்டும் முயலலாம். வழி தெரியாது தவிப்போர்க்குக் குறிப்பும் கிடைக்கும். கற்றுக்கொள்ளும் மகளைப் பொறுமையுடன் பார்த்து நிற்கும் தாயின் மனம் இவ்விதிகளில் உறைந்துள்ளது. இரண்டாவது, ஒலி. சமையல் நேரத்தில் ஒலிக்கும் பாடல்கள் பல்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக ஆக்கப்பட்டவை. தாளிக்கும் ஓசையும் பாட்டும் கலந்து கேட்கையில், புலம்பெயர்ந்தோரின் ஏக்கம் உரையாடல் ஏதுமின்றியே நம் நெஞ்சைத் தொடுகிறது.

மூன்றாவதே இப்படைப்பின் உயிர்நாடி எனலாம். பள்ளித் தோழர் நடுவே தன் வீட்டு உணவையும் மொழியையும் எண்ணி நாணிய கவின், வளர்ந்து ஆளாகி அதே ஏட்டைக் கையில் எடுக்கும்போது புதிரின் இயல்பே மாறிவிடுகிறது. தாய்க்கு மறைந்திருந்தவை கறைபட்ட சில சொற்கள். மகனுக்கோ மொழியே மறைந்திருக்கிறது. தாய்மொழியை இழந்தவனின் தவிப்பைப் புதினம் நமக்கு எடுத்துரைக்கக்கூடும். இங்கோ அத்தவிப்பை நம் கைகளே அனுபவிக்கின்றன. இது விளையாட்டு என்னும் வடிவத்திற்கு மட்டுமே வாய்த்த ஆற்றல்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஒன்றரை மணி நேரத்திற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அத்தியாயங்களுக்கு இடையே ஆண்டுகள் தாவிச் செல்வதால் பெருந்துயரங்களும் விரித்துரைக்கப்படாமல் கடந்து போகின்றன. உரையாடல்களில் நாம் எந்த விடையைத் தெரிந்தெடுத்தாலும் கதையின் போக்கு பெரிதும் மாறுவதில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையிலான பிணக்கு இன்னும் ஆழமாக உழப்பட்டிருக்கலாம். ஆயினும் முடிய வேண்டிய இடத்தில் முடிவது ஒரு படைப்பின் நேர்மைக்கும் அடையாளம். இன்றைய சந்தையில் அந்த நேர்மை அரிது.

முடிவில்லா ஆட்டம்

சந்தையை ஆளும் விளையாட்டுகள் பலவும் முடிவதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல. அவை இலவசமாகக் கிடைக்கும். நாள்தோறும் வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் இழப்பு. உள்ளே என்ன இருக்கும் என்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்க வேண்டிய பரிசுப் பெட்டிகளும் உண்டு. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே ஆய்ந்து காட்டினார். அந்தப் புறாவின் இடத்தில் இன்று நம் பிள்ளைகள் அமர்த்தப்பட்டுள்ளனர். பெல்ஜியம் நாடு 2018-இல் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் விளையாட்டு அடிமைநிலையை நோய்களின் பட்டியலில் சேர்த்து, 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது.

இதற்கு மாறாக நடந்துகொண்டவர் ஒருவரும் உண்டு. வியட்நாமைச் சேர்ந்த டாங் இங்குயென் என்னும் இளைஞர், தாம் உருவாக்கி உலகெங்கும் பரவிய ‘ஃபிளாப்பி பேர்ட்’ விளையாட்டை 2014 பிப்ரவரியில் தாமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். மக்கள் அதற்கு அடிமையாகின்றனர் என்பதே அவர் கூறிய காரணம். வருவாய் வந்துகொண்டிருந்த வேளையில் கடையை மூடிய அச்செயல் சிந்திக்கத்தக்கது.

தமிழகத்தில் இத்தீமை பணம் வைத்தாடும் இணையவழி ரம்மியின் உருவில் வந்து குடும்பங்களைக் குலைத்தது. பணத்தை இழந்தோர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 2020 ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவ்வாட்டங்களை ஒழுங்குபடுத்துமாறு அரசை அறிவுறுத்தியது. அதன்பின் வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2022-இல் நிறைவேறி 2023-இல் ஒப்புதல் பெற்ற சட்டத்திலும், திறமைக்குரிய ஆட்டங்கள் என்ற அடிப்படையில் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடை நீக்கப்பட்டது. இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

நீதிமன்றங்கள் எழுப்பிய வினா, ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, வாய்ப்பைச் சார்ந்ததா என்பது. சட்டத்திற்கு அது தேவை. திறனாய்வாளனும் பெற்றோரும் கேட்கவேண்டிய வினாவோ வேறு: இங்கே ஆடுபவர் யார், ஆட்டுவிக்கப்படுபவர் யார்? ‘வெண்பா’வில் நாம் ஆடுகிறோம். மற்றவற்றில் நம்மை வைத்து எவரோ ஆடுகின்றனர்.

விளையாட்டே வேண்டாம் என்பது தீர்வாகாது. யோவான் நற்செய்தியாளர் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறலுற்றனர் என்றும், ஓயாமல் வளைத்த வில் முறிந்துவிடும் என்பதை அம்பெய்வோன் ஒருவனைக் கொண்டே யோவான் அவர்களுக்கு உணர்த்தினார் என்றும் ஒரு பழங்கதை உண்டு. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இதனை எடுத்துக்காட்டி, உள்ளத்திற்கு இளைப்பாறுதல் தேவை என்று நிறுவுகிறார். விளையாட்டில் மிகை எவ்வாறு குற்றமோ, அவ்வாறே அதை அறவே வெறுப்பதும் குற்றம் என்கிறார். இளைப்பாறுதல் தருவதே விளையாட்டின் நோக்கமெனில், ஆடி எழுந்தவன் முன்னிலும் களைத்துப் போவானாயின், அங்கே வில்லின் நாண் மேலும் இறுக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள்.

நாளை என்ன?

வெண்பா யாப்பின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும் என்பது இலக்கணம். விளையாட்டுத் தொழிலும் இன்று காசில் முடிவதா, பிறப்பில் முடிவதா என்னும் திருப்பத்தில் நிற்கிறது. பெருநிறுவனங்கள் பெருமுதலீடு செய்தும், 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விளையாட்டுக் கலைஞர்களை வேலையிலிருந்து நீக்கின. அதே காலத்தில்தான் சிறு குழு ஒன்று தன் அன்னையர் அடுக்களையை உலகிற்குக் காட்டி வெற்றி கண்டது. நம் பொறியியல் கல்லூரிகளில் பயிலும் இளைஞர் இதனைக் கருதிப் பார்க்கவேண்டும். ஆடுபுலியும் பல்லாங்குழியும் தாயமும் தந்த மண்ணில் சொல்லப்படாத கதைகளுக்கும் ஆடப்படாத விதிகளுக்கும் பஞ்சமில்லை. அத்தகைய படைப்புகளை விலை கொடுத்து வாங்க நாம் முன்வராவிடில், இலவசம் என்னும் தூண்டிலே எஞ்சும்.

பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள கைபேசியைப் பறிப்பதற்குமுன் அருகில் அமர்ந்து அரைமணி நேரம் பாருங்கள். இந்த ஆட்டம் எப்போதேனும் முடியுமா? தோற்றால் காசு கேட்கிறதா? ஆடி முடித்தபின் சொல்லிப் பகிர ஏதேனும் உண்டா? இம்மூன்றையும் பிள்ளையிடமே கேளுங்கள். விடையைப் பிள்ளையே கண்டறிந்தால், விலக்க வேண்டியதை விலக்கும் துணிவும் பிள்ளையிடமே பிறக்கும்.