பெயர்ப் பட்டியலும் ஆய்வு மரபும்

முஸ்லிம்கள் அறிவுத்துறைகளுக்கு ஆற்றிய தொண்டினைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ ஒரே வடிவம் அமைந்துவிட்டது. கல்வியின் சிறப்பைக் கூறும் நபிமொழி ஒன்றுடன் அவை தொடங்கும். அடுத்து அர்ராஸீ, இப்னு ஸீனா, அல்பீரூனீ, இப்னுல் ஹைஸம், இப்னுன் நஃபீஸ் எனப் பெயர்கள் அணிவகுக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, 'முதன்முதலில் கண்டுபிடித்தவர்' என்னும் பட்டம் சூட்டப்பெறும். நம்மிடமிருந்து பெற்றதை ஐரோப்பா மறைத்துவிட்டது என்ற ஆதங்கத்துடன் கட்டுரை நிறைவெய்தும். மீலாது மலர்களிலும் கல்லூரி ஆண்டு மலர்களிலும் இவ்வடிவத்தை நாம் பன்முறை கண்டிருக்கிறோம், எழுதியும் இருக்கிறோம். ஆகவே இங்குக் கூறப்போகும் குறை நம்மையும் சார்ந்ததே.

இக்கட்டுரைகளின் நோக்கத்தில் பிழையில்லை. தம் முன்னோர் அறிவிலிகள் அல்லர் என்பதை ஓர் இளைஞன் அறிந்துகொள்வது அவனுக்கு ஊக்கம் தரும். ஆயினும் ஒன்று நெருடுகிறது. எவர்களை நாம் புகழ்கிறோமோ அவர்கள், கேட்ட செய்தியைச் சோதித்துப் பாராமல் ஏற்க மறுத்தவர்கள். அவர்களைப் புகழ்ந்து நாம் எழுதும் பக்கங்களிலோ சோதித்தல் என்பதே இல்லை. அவர்களுடைய பெயர்களைப் பெற்றுக்கொண்ட நாம் அவர்களுடைய வழிமுறையைப் பெற்றுக்கொள்ளவில்லை. நம் திறனாய்வின் மையம் இதுவே.

ஸனது கேட்காத செய்திகள்

சீனம் சென்றேனும் கல்வியைத் தேடுமாறு பணிக்கும் அறிவிப்பினை மேடைதோறும் கேட்கிறோம். இதன் அறிவிப்புத் தொடர்கள் பலவீனமானவை என்று இமாம் பைஹகீ (ரஹ்) கூறியுள்ளார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். கல்வியின் கடமையை நிலைநாட்ட வேறு சான்றுகள் நம்மிடம் நிரம்ப உள்ளன. அவ்வாறிருக்க, ஆராய்ச்சியின் பெருமையைப் பேசும் கட்டுரையை ஆராயப்படாத ஓர் அறிவிப்பைக் கொண்டு தொடங்குவது எத்துணை முரண்!

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்த செய்தியும் அத்தகையதே. அதனை நமக்கு விரித்துரைப்பவர் 1632இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மக்கரீ. இருவருக்கும் இடையில் ஏழு நூற்றாண்டுகள் உள்ளன. இப்னு ஃபிர்னாஸின் காலத்துக் கவிஞர் ஒருவரின் பாடலடி அம்முயற்சியைக் குறிப்பாகச் சுட்டுவதுண்டு. ஏதோ ஒரு முயற்சி நடந்தது என்பதற்கு அது சான்றாகலாம். எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் பறந்தார் என்பதற்குச் சான்றாகாது. ஒரு நபிமொழியின் தொடரில் ஒரே ஓர் அறிவிப்பாளர் விடுபட்டாலும் அதைத் தயங்கி ஏற்கும் சமுதாயம், எழுநூறு ஆண்டு இடைவெளியைக் கேள்வியின்றித் தாண்டிவிடுகிறது.

உறுதியாக அறியாததைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் இதயமும் அதற்காக விசாரிக்கப்படும் என்றும் திருக்குர்ஆன் எச்சரிக்கிறது. அறிவியல் வரலாறு எழுதுவோருக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருப்பதாக நாம் அறியோம்.

மருத்துவம்: ஆசானை ஐயுறும் துணிவு

இனி அவ்வறிஞர்கள் எவ்வாறு ஆய்ந்தார்கள் என்பதைக் காண்போம். ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலனின் நூற்று இருபதுக்கும் மேற்பட்ட நூல்களைப் பற்றி ஒரு மடல் வரைந்துள்ளார். இளமையில் பிழை மலிந்த ஒரே பிரதியைக் கொண்டு ஒரு நூலைப் பெயர்த்ததையும், பின்னர்ப் பல கிரேக்கப் பிரதிகளைத் திரட்டி ஒப்புநோக்கி மூலத்தைச் செப்பனிட்டு, பழைய பெயர்ப்பைத் திருத்தியதையும் அதில் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறார். ஒரே ஒரு நூலுக்காக இராக், ஷாம், ஃபலஸ்தீன், எகிப்து எங்கும் அலைந்து, டமாஸ்கஸில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே பெற்றதையும் கூறுகிறார். அவர் கிறிஸ்தவர். 'முஸ்லிம்களின் தொண்டு' என்ற தலைப்பு அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. அல்லது அவர் சமயத்தைக் கூறாமல் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. இரண்டுமே நேர்மையாகா. முஸ்லிம் ஆட்சியில் பல சமயத்தாரும் கூடி வளர்த்த அறிவு அது என்று கூறுவதால் நம் பெருமை குறைந்துவிடாது.

ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அபூபக்ர் அர்ராஸீ, கேலனை ஆசானாகப் போற்றியவர். ஆயினும் அவர்மீது எழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனிநூலே இயற்றினார். அவருடைய குறிப்புகளின் பெருந்தொகுப்பான 'அல்ஹாவீ'யில் ஒரு பதிவு நோக்கத்தக்கது. மூளையுறை அழற்சியின் முன்னறிகுறிகள் தோன்றிய நோயாளிகளுள் ஒரு சாராருக்குக் குருதி வடித்ததையும், உண்மையை அறியும் பொருட்டு மற்றொரு சாராருக்கு வடிக்காமல் விட்டதையும், பின்னவர்களை நோய் பற்றிக்கொண்டதையும் அவர் எழுதுகிறார். ஒப்பீட்டுக் குழு என்னும் கருத்தின் முளை இது என்பர்.

நம் கட்டுரையாளர்கள் இங்கேயே நின்றுவிடுவர். ஆனால் அப்பதிவில் நோயாளிகளின் எண்ணிக்கை இல்லை. அந்நோய்க்குக் குருதி வடித்தலை இன்றைய மருத்துவம் ஏற்பதுமில்லை. நோயாளியின் இசைவின்றிச் சிகிச்சையை நிறுத்திவைப்பதை இன்றைய மருத்துவ அறம் ஒப்புவதுமில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னாலும் அர்ராஸீ சிறுத்துவிட மாட்டார். முடிவு பிழைபட்டபோதும் வினா சரியானதாக இருந்தது என்பதே அவருடைய பெருமை. முடிவுகள் காலத்தால் மாறும். வினவும் முறை நிலைக்கும்.

இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288) குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறோம். அவர் கூறியது இதயத்திலிருந்து நுரையீரல் வழியாகக் குருதி செல்லும் பாதையை மட்டுமே. உடல் முழுமைக்குமான சுற்றோட்டத்தை 1628இல் நிறுவியவர் வில்லியம் ஹார்வி. இதயத்தின் வலக் கீழறையையும் இடக் கீழறையையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன என்று கேலன் கூறியிருந்தார். இப்னு ஸீனாவும் அவ்வழியே நின்றார். அச்சுவர் கெட்டியானது, துளையேதும் இல்லை என்று இப்னு ஸீனாவின் நூலுக்கு உரை எழுதும்போதே இப்னுன் நஃபீஸ் மறுத்தார். ஷரீஅத்தும் தம் இயல்பான இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்றும் அவரே கூறுகிறார். அவர் எதைக் கண்டார், எதை உய்த்துணர்ந்தார் என்பது ஆய்வாளரிடையே விவாதப் பொருளாக உள்ளது.

இங்கு இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியன. இப்னுன் நஃபீஸ் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞர். ஹதீஸ் கலையின் விதிகளைப் பற்றியும் நூல் எழுதியவர். அறிவிப்பாளரின் புகழைக் கண்டு மயங்காமல் அறிவிப்பைச் சோதிக்கும் பயிற்சியும், கேலனின் புகழைக் கண்டு மயங்காத துணிவும் ஒரே மனிதரிடம் இருந்தன. மற்றொன்று, அவருடைய இக்கருத்தை நவீன உலகம் அறியச் செய்தவர் முஹ்யித்தீன் அத்ததாவீ என்னும் எகிப்திய மருத்துவர். பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் அதனை வெளிப்படுத்தினார். நாம் பெருமிதத்துடன் சொல்லும் ஒரு வரி, ஓர் ஆய்வு மாணவர் பழஞ்சுவடிமுன் அமர்ந்து பெற்றுத் தந்தது.

அறிவியல்: தன்னையே ஐயுறுதல்

பஸராவில் பிறந்து காஹிராவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைஸம், தாலமி மீதான ஐயங்களைத் தொகுத்த நூலின் முகப்பில், உண்மையைத் தேடுபவன் முன்னோரின் கூற்றை நம்பிவிடாமல் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தாக்கிச் சோதிக்க வேண்டும் என்கிறார். அவ்வாறு சோதிக்கும்போது தன்னையும் ஐயுற வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். இரண்டாவது நிபந்தனையே கடினமானது. நம் கட்டுரைகளில் முற்றிலும் காணாமற் போனதும் அதுவே.

ஏழு பகுதிகளைக் கொண்ட அவருடைய ஒளியியல் நூலில் எளிய சோதனை ஒன்று உண்டு. இருட்டறைக்குச் செல்லும் ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், அறையினுள்ளே அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறையும். திறந்தால் மீண்டும் அதே இடத்தில் தோன்றும். ஆகவே ஒளிகள் துளையில் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை இது. அவருடைய பெயரை மனப்பாடம் செய்விக்கும் நம் பள்ளிகளில், இதனைச் செய்து காட்டிய பள்ளி எத்தனை?

அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அந்நூலுக்குத் திருத்த உரை எழுதினார். நீர் நிறைந்த கண்ணாடி உருண்டையை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லை விளக்கினார். டமாஸ்கஸ் உமைய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்த இப்னுஷ் ஷாத்திர் மறைந்தது 1375இல். சந்திரனின் இயக்கத்திற்கு அவர் வகுத்த வடிவமும், 1543இல் வெளியான நூலில் கோப்பர்நிக்கஸ் தரும் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். அவ்வறிவு கோப்பர்நிக்கஸை எவ்வழியில் எட்டியது, எட்டியதா என்பது வேறு ஆய்வு.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் எழுத்தே முஸ்லிம் உலகில் அறிவியலை மாய்த்தது என்ற கூற்றை இக்காலவரிசை தகர்த்துவிடுகிறது. அவர்களுக்குப் பிறகே 1259இல் மராகா வானாய்வகம் எழுந்தது. மேற்கூறிய இப்னுன் நஃபீஸ், அல்ஃபாரிஸீ, இப்னுஷ் ஷாத்திர் ஆகிய மூவரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களே. கணிதச் சான்றால் நிறுவப்பட்ட கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்று எழுதியவர் இமாமவர்கள்தாம். மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவாக வகுத்து, ஊரில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க அனைவரும் ஃபிக்ஹு விவாதத்திற்கே முண்டியடிப்பதை 'இஹ்யா'வில் கண்டித்தவரும் அவர்களே. கீழைத்தேயவியலார் சிலர் 'வீழ்ச்சி'க்கு ஒரே நாளைக் குறித்தார்கள். நாம் 'எழுச்சி'க்குப் பத்துப் பெயர்களைக் குறித்தோம். மூலநூலைத் திறக்கவில்லை என்ற குறை இருவருக்கும் பொது.

கல்வி: கற்பித்தலையும் ஆராய்தல்

மருத்துவத்தையும் ஒளியையும் ஆய்ந்த மரபு, கற்பித்தலையும் ஆய்வுப் பொருளாக்கியது என்பதை நாம் அரிதாகவே எடுத்துரைக்கிறோம். 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், மேற்கு, கிழக்கு, அந்தலூஸ் நாடுகளின் பாடமுறைகளை ஒப்பிட்டு எடைபோடுகிறார். மொராக்கோவின் மத்ரஸாக்களில் மாணவர் தங்கிப் பயிலும் காலம் 16 ஆண்டுகள். தூனிஸில் 5 ஆண்டுகள். நீண்ட காலம் பயின்றும் முன்னவர்கள் திறன் குன்றியிருப்பதன் காரணத்தை அவர் தேடுகிறார். மாணவர்கள் வாய் திறவாமல் அமர்ந்து மனனம் செய்வதும், விவாதித்துப் பழகாததுமே காரணம் என்று கண்டறிகிறார். 'மலகா' என்று அவர் குறிப்பிடும் படிந்த ஆற்றல், பேசியும் வாதிட்டுமே கைவரும் என்கிறார்.

சுருக்க நூல்கள் பெருகுவது கல்விக்குக் கேடு என்பதற்கும், மாணவரிடம் கடுமை காட்டுவது பொய்யையும் சோம்பலையும் வளர்க்கும் என்பதற்கும் தனித்தனி இயல்களை அவர் ஒதுக்கியிருக்கிறார். வினா–விடைச் சுருக்கங்களையே பாடநூலாகக் கொண்டுவிட்ட நம் கல்லூரிகளும், வினா எழுப்புவதை ஒழுங்கீனமாகக் கருதும் நம் அரபுக் கல்லூரிகள் சிலவும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தத் திறனாய்வுக்கு இன்னும் விடை கூறவில்லை.

நமக்கு முன்னுள்ள பணி

கல்வி, அறிவியல், மருத்துவம் என விரிந்த பரப்பினை இவ்வறிஞர்கள் எவ்வாறு ஆண்டார்கள்? எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஓர் ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது. மூலத்தைத் தேடுதல், பிரதிகளை ஒப்புநோக்குதல், சொன்னவர் யாராயினும் சோதித்தல், தம் பிழையைத் தாமே பதிவு செய்தல் ஆகியன அவ்வொழுக்கத்தின் கூறுகள். ஹுனைனிடமும் அர்ராஸீயிடமும் இப்னுல் ஹைஸமிடமும் இப்னு கல்தூனிடமும் நாம் காண்பது இவற்றையே.

இது பழம்பெருமை பற்றிய விவாதம் மட்டுமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் முஸ்லிம்கள் 14.2 விழுக்காட்டினர், 2020–21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி உயர்கல்வி பயில்வோருள் முஸ்லிம்கள் 4.6 விழுக்காட்டினர். கல்லூரி வாயிலை எட்டிய அந்தச் சிறு தொகையினருக்கு நாம் பெயர்ப் பட்டியலைத் தருகிறோமா, ஆய்ந்து பார்க்கும் பழக்கத்தைத் தருகிறோமா என்பதே வினா. பட்டியல் மேடையில் கைதட்டலைப் பெற்றுத் தரும். ஆய்வுக்கூடத்தில் முதல் ஐயம் எழும்போது அது துணைக்கு வராது.

எழுதுவோர் மூன்றினைக் கைக்கொள்ளலாம். ஒரு செய்தியைக் கூறும்போது அதனை முதலில் பதிவு செய்தவர் எக்காலத்தவர் என்பதையும் கூறுதல் ஒன்று. அறிஞரின் வெற்றியோடு அவருடைய பிழையையும் எழுதுதல் மற்றொன்று. மூன்றாவது, மூலநூற்பகுதிகளைத் தமிழாக்குதல். நம் உலமாக்களிடம் அரபி உள்ளது. இயற்பியலும் உடலியலும் இல்லை. நம் பேராசிரியர்களிடம் அவை உள்ளன, அரபி இல்லை. இப்னுல் ஹைஸமின் ஒரே ஓர் இயலை முன்வைத்து இவ்விருவரும் ஓராண்டு ஒன்றாக அமர்ந்தால், நூறு புகழ்மாலைக் கட்டுரைகள் தராத பயன் விளையும்.

முன்னோரைப் போற்றுவதற்கு அவர்களைப் பின்பற்றுவதே சிறந்த வழி என்று ஏனைய துறைகளில் நாம் கூறிவருகிறோம். அறிவுத்துறையில் அவர்களைப் பின்பற்றுதல் என்பது, தேவைப்படும் இடத்தில் அவர்களையும் ஐயுறுதலே. இதில் நாம் கூறியவற்றையும் வாசகர்கள் அவ்வாறே சோதித்துக் கொள்வார்களாக. அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.