சராசரியில் ஒளியும் பிழை

திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமனுக்கும் ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்கும் 1940களில் மூண்ட விவாதம், படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பது பற்றியது. குறிப்பிட்ட சில அதிர்வெண்களே உண்டு என்றார் ராமன். அவை இடைவெளியின்றிப் பரவியுள்ளன என்றது போர்ன் தரப்பு. வைரத்தின் நிறமாலைக் கோடுகளை ராமன் சான்றாக வைத்தார். 1950களின் பிற்பாதியில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் இயற்பியலாளர்கள் பிராக்ஹவுஸும் பி.கே. ஐயங்காரும் ஜெர்மேனியம் படிகத்தில் நியூட்ரான்களைச் சிதறவிட்டு, அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் ஒருசேர அளந்தார்கள். கிடைத்தவை, போர்ன் தரப்பு சொன்னபடியே, தொடர்ச்சியான வளைகோடுகள். ஒரே வகை அளவீட்டோடு ஒத்துப்போவதால் மட்டும் ஒரு மாதிரி மெய்யாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தத் துறையில் இல்லை.

ஆனால் குளிர்ந்த திடப்பொருள்களில் மெதுவான நியூட்ரான்களின் சிதறலைக் கணிப்பவர்கள் பலகாலம் அந்த ஒத்துப்போதலையே நம்பி வந்தார்கள். ஒவ்வோர் அணுவும் தன்போக்கில் சிதறடிப்பதாகக் கொண்டு, அணுக்களுக்கிடையிலான குறுக்கீட்டு விளைவு சராசரியில் மறைந்துவிடும் என்று நம்பி அதை விட்டுவிடுவது பழகிய வழி. அதிர்வெண் பரவலைத் தெரிந்துகொண்டால், அல்லது டெபை மாதிரியால் ஊகித்தால், கணக்கு முடிந்துவிடும். ஹைட்ரஜன் நிறைந்த பொருளில் இது பெரும்பாலும் சரியே. ஹைட்ரஜனின் சிதறலில் குறுக்கீடற்ற பகுதி சுமார் 80 பார்ன். மறுபகுதி 2 பார்னைக்கூட எட்டாது. (திட மெத்தேனில் சிக்கல் வேறு: 20 கெல்வினுக்குக் கீழும் ஒரு பங்கு மூலக்கூறுகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன; டெபை மாதிரிக்கு அந்தச் சுழற்சி தெரியாது.)

பெரிலியத்தில் நிலைமை தலைகீழ். அதன் சிதறல் ஏறத்தாழ முழுவதும் குறுக்கீட்டுக்கு உட்பட்டது. அலைநீளம் சுமார் 4 ஆங்ஸ்ட்ரமைத் தாண்டினால் பிராக் சிதறலுக்கு இடமில்லை. எஞ்சுவது பெரும்பாலும் படிக அதிர்விலிருந்து நியூட்ரான் ஆற்றல் பெறும் சிதறல். திரவ நைட்ரஜனால் குளிர்வித்தால் அதிர்வுகளே அருகிவிடுவதால் அதுவும் சுருங்குகிறது. பெரிலியம், மெதுவான நியூட்ரான்களை மட்டும் கடக்கவிடும் வடிகட்டியாகப் பயன்படுவது இதனால்தான். இந்தக் குளிரில் பங்கேற்பவை குறைந்த ஆற்றலுள்ள சில அதிர்வுகளே. சராசரி எடுக்கப் போதிய பரப்பு இல்லாத இடத்தில் சராசரியை நம்பும் தோராயம் தடுமாறாமல் என்ன செய்யும்?

தூளாக்கிய பொருளில் மொத்தச் சிதறல் பெரிதாக மாறுவதில்லையே என்பார்கள். உண்மைதான், வடிகட்டியின் தடிமனைத் தீர்மானிக்க அது போதும். ஆனால் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு நியூட்ரான் வெளியேறுகிறது என்று கேட்டால், மொத்தத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்த பிழைகள் தனித்தனியே வெளிப்படும். கணினிச் செலவு என்ற சாக்கும் இப்போது செல்லாது. அணுக்களுக்கிடையிலான விசைகளை முதற்கொள்கையிலிருந்து கணித்து, திசைவாரியான அதிர்வுகளைப் பெறுவது அன்றாட வேலையாகிவிட்டது. ஹைட்ரஜன் பொருள்களுக்குப் பழைய தோராயத்தை வைத்துக்கொள்ளலாம். பெரிலியத்துக்கும் அதைப் போலவே குறுக்கீடு மிகுந்த கிராஃபைட்டுக்கும் அந்தத் தோராயத்தை இனியும் பயன்படுத்துபவர், மொத்தச் சிதறலை மட்டுமல்ல, கோணமும் ஆற்றலும் பிரித்த அளவீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.