ஊசியும் எண்ணும்

இசைத்தட்டு திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் விற்ற தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சம், குறுந்தகடுகள் 3 கோடியே 30 லட்சம். 1987க்குப் பிறகு தட்டு முந்திக்கொண்டது அதுதான் முதல் முறை. இதன் எதிரொலி நம் இலக்கிய நண்பர்களிடமும் கேட்கிறது. எல்.பி. கேட்பவன் ரசிகன், செல்போனில் கேட்பவன் வெறும் நுகர்வோன் என்கிற அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது. ருசி பற்றிய வாதம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இதற்கு ஒரு தத்துவ வேஷமும் கட்டப்படுகிறது: அனலாக் என்பது தொடர்ச்சி, உயிர், டிஜிட்டல் துண்டு துண்டாக நறுக்கியது, ஆகவே பொய், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் வாழும் நம் கமகம் அந்த நறுக்கலில் செத்துப்போகிறது.

கேட்க அழகாக இருக்கும் இந்த வாதம் கணக்கில் தோற்றுவிடுகிறது. ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால், அந்த எல்லைக்குட்பட்ட அலையை முழுதாக மீட்டுவிடலாம் என்பதை ஷானன் 1949இல் எழுதிக் காட்டிவிட்டார். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000. 1982இல் வந்த குறுந்தகடு விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது. முடிவில் ஸ்பீக்கருக்குப் போவது படிக்கட்டு அல்ல, வழவழப்பான அலையே. விநாடிக்குச் சில முறை அசையும் கமகம் இதில் எங்கே தொலையும்?

தட்டுக்குத்தான் பௌதிக சங்கடங்கள் அதிகம். எல்.பி.யின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20 சொச்சமாகக் குறைந்து, அதே ஒலிகள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தின் கடைசி உருப்படி சற்றுக் கலங்கிக் கேட்டால் அது பாடகரின் களைப்பல்ல. முழுக்க அனலாக் என்று நம்பி, அதிக விலை கொடுத்து, பலர் புகழ்ந்து வந்த மொபைல் ஃபிடலிட்டி தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் பல வருஷங்களாக ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022இல் வெளியாயிற்று. தேர்ந்த காதுகள் என்று பெயரெடுத்தவையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

எம்.பி.3யின் கதை வேறு. எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதியை அது வேண்டுமென்றே எறிகிறது. விநாடிக்கு 128 கிலோபிட் என்றால் குறுந்தகட்டில் இருப்பதில் 11இல் 1 பங்கு. உரத்த ஒலிக்கு அடியில் கிடப்பதைக் காது கவனிக்காது என்ற கணிப்பில் நடக்கும் கழிவு இது. தம்புராவைத் தேடிக் கேட்கிறவர் கோபப்படலாம். ஆனால் கோபத்துக்கு உரியது எண் அல்ல, கஞ்சத்தனம்.

ஒலிச் சுத்தத்தைவிடக் காலம் என்கிற விஷயத்தில்தான் வடிவங்களின் வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 78 சுழற்சித் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்தை ஒட்டித்தான் கொடுத்தது. எல்.பி. 1948இல் அமெரிக்காவில் வந்தது. அது இங்கே பரவுமுன் 1951இல் வசந்தகோகிலமும் 1956இல் ராஜரத்தினம் பிள்ளையும் போய்விட்டார்கள். இரவெல்லாம் விரிந்த ஒரு தோடியைத் துண்டுகளாகவே நாம் பெற்றிருக்கிறோம். எம்.டி. ராமநாதனின் சவுக்க காலத்தை அந்தச் சிறு தட்டில் கற்பனை செய்யவே முடியவில்லை. அடோர்னோ 1969இல் எல்.பி.யை வரவேற்று எழுதியதும் இந்த நோக்கில்தான்: மேடை ஆடம்பரம் இல்லாமல் ஆபராவை வீட்டில், திரும்பத் திரும்ப, ஊன்றிக் கேட்கலாம். எல்.பி. இருபது சொச்சம் நிமிஷத்தில் நின்று, எழுந்து திருப்பிப் போடுகிறாயா என்று கேட்கிறது. செல்போன் கேட்பதில்லை, அடுத்ததை அதுவே தொடங்கிவிடுகிறது. இந்தக் குறையும் எண்ணுடையதல்ல, விற்பவருடையது. ஒரு ராகத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு செல்போனும் போதும்.

நான் வங்கிக் குமாஸ்தா. பேரேட்டில் 4,312 ரூபாய் என்று இருப்பதை எத்தனை கையெழுத்தில் பெயர்த்து எழுதினாலும் அது 4,312தான். அதே பேரேட்டில் உள்ள ஒரு கையொப்பத்தைப் பார்த்து வரைந்து, அந்த நகலைப் பார்த்து இன்னொன்று வரைந்தால் பத்தாவது நகல் யாருடையதோ. நாடா கையொப்பத்தைப் போன்றது; நகலுக்கு நகல் இரைச்சல் ஏறும். எண் தொகையைப் போன்றது.

இந்த வித்தியாசம் யாருக்கு முக்கியம் என்று பார்க்கக் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏற வேண்டும். வெள்ளிமலைப் பக்கம், மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வீடொன்றில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேஸட்டுகள் பார்த்தேன். திருவிழாவிலும் கல்யாணத்திலும் வீட்டார் பதிந்தவை. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. கேஸட் வந்ததும் பெரிய கம்பெனியின் ஏகபோகம் உடைந்து, உள்ளூர்க் குரல்களுக்கு இடம் கிடைத்ததைப் பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியாவை வைத்து எழுதினார். இந்தப் பெட்டி இன்னும் ஒரு படி கீழே: விற்பனைக்கே வராதது. சினிமாப் பாட்டுக் கேஸட்டில் உடைத்திருந்த மூலைத் துவாரத்தைக் காகிதத்தால் அடைத்து, மேலேயே பதிந்திருக்கிறார்கள். கிழவியின் பாட்டு முடிந்த கணத்தில் பழைய சினிமாப் பாட்டின் வால் கேட்கிறது. சில நாடாக்களில் பூசணம்.

இங்கே அனலாக்கின் உயிர்ப்பு பற்றிப் பேசுவது அநாகரிகம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் நாடா தேய்கிறது. எண்ணாக்கிப் பல இடங்களில் வைத்தால்தான் அந்தக் குரல் தங்கும்; ஒரே செல்போனில் வைத்தால் அதுவும் ஒரு டிரங்குப் பெட்டிதான்.

ஆனால் எண்ணாக்குகிறவருக்கு ஒரு சபலம் வரும் — சுத்தம் செய்ய. இரைச்சலை எடுத்து, நாய் குரைப்பை வெட்டி, சினிமா வாலை நறுக்கி, பாட்டை மட்டும் தர. கமகத்தைக் கொல்லாத டிஜிட்டல் இந்த இடத்தில் கொலை செய்யக்கூடும், அதுவும் ரசனையின் பெயரால். அந்த வால், என்ன விலை கொடுத்து அந்தப் பாட்டைப் பதிந்தார்கள் என்பதற்கான சாட்சி. சுருக்காமல், வெட்டாமல், முதலிலிருந்து கடைசிவரை எடுக்க வேண்டும். சுத்தம் செய்கிறவர் அதன் நகலில் செய்துகொள்ளட்டும்.

நண்பர்கள் தட்டு வாங்கட்டும். திருப்பிப் போட எழுந்திருப்பது நல்ல பழக்கம். அதை உண்மையின் பக்கம் நிற்பதாக மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். 60 நிமிஷக் கேஸட்டை எண்ணாக்க 60 நிமிஷம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கைந்து முடியும்.