பங்கு மலர்கள் மறந்த குரு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பங்குகள் வெளியிடும் யூபிலி மலர்களைப் புரட்டுவதில் நமக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. அச்சுப் பிழைகளுக்காக அவற்றை நாம் குறைகூறமாட்டோம். மாலை வேளைகளில் கூடி உழைத்த இளைஞர்களின் அன்பு அதில் இருக்கிறது. ஆயினும், அம்மலர்களின் ஒரு வழக்கம் நம்மை உறுத்துகிறது. "பணியாற்றிய பங்குத்தந்தையர்" பட்டியலில் கோபுரம் எழுப்பியவருக்குப் பத்து வரி. எதுவும் கட்டாதவருக்கு வந்த ஆண்டும் சென்ற ஆண்டும் மட்டும். எல்லாரையும் "துறவி" என்று ஒரே சொல்லால் போற்றிவிடுவதும் உண்டு.

இச்சொல்லை இவ்வளவு தாராளமாக வழங்கலாமா? கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகளால் தம்மைப் பிணைத்துக்கொண்டவரே துறவறசபைக் குரு. அவர் உழைத்துப் பெறுவது சபைக்கே உரியது, வாழ்வது குழுமத்தில். மறைமாவட்டக் குருவோ தம் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணத்துறவு காப்பதாகவும் உறுதியளித்தவர். எளிய வாழ்வுக்கு 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அவரையும் அழைக்கிறது. ஆனால் ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்கில்லை. முதிய தாய்க்கு அவர் பணம் அனுப்பினால் முணுமுணுப்போர் இதை அறிந்திருந்தால் நன்று. பங்கில் பணியாற்றும் சபைக் குருவை ஆயரும் மாற்றலாம், சபைத் தலைவரும் மாற்றலாம்; ஒருவர் மற்றவருக்கு அறிவித்தால் போதும், இசைவு தேவையில்லை. "எங்கள் சாமியை ஏன் மாற்றினீர்கள்?" என்று ஆயர் இல்ல வாயிலில் நிற்போர் பலவேளை தவறான வாயிலில் நிற்கின்றனர்!

நம் பகுதியின் வரலாறு இக்குழப்பத்தை இன்னும் ஆழமாக்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் விதைத்தவர்கள் சேசு சபையார். அச்சபை 1773இல் கலைக்கப்பட, 1776இல் பொறுப்பேற்றனர் பாரிஸ் அந்நிய மறைபரப்புக் கழகத்தார். நம் பாட்டிமார் "வெள்ளைக்காரச் சாமியார்" என்று வணங்கிய அப்பிரெஞ்சுக் குருக்கள், சொல்லின் சரியான பொருளில், துறவற வார்த்தைப்பாடு எடுத்தவர்களே அல்லர்! மண்ணின் குருக்களை உருவாக்குவதே அவர்கள் கழகத்தின் தலையாய நோக்கம். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானது. அதிலிருந்து 1997இல் தருமபுரி பிரிந்தபோது முதல் ஆயராக வந்தவரோ சலேசிய சபையைச் சேர்ந்த ஜோசப் அந்தோணி இருதயராஜ் ஆண்டகை.

மலர்கள் ஒருபக்கமாய்ச் சாய்வதற்குக் காரணம் உண்டு. சபைகள் எழுதிவைப்பவை. சேசு சபையாரின் ஆண்டு மடல்கள் ஐரோப்பாவில் காக்கப்பட்டதால்தான் நொபிலியையும் அருளானந்தரையும் இவ்வளவு நெருக்கமாய் அறிகிறோம். மறைமாவட்டக் குருவுக்கு வரலாறு எழுத எந்த மாநிலத் தலைமையகமும் இல்லை. ஓய்வு பெற்றதும் அவருடைய நாட்குறிப்பு எங்கே போகிறதென்று கேட்பாரில்லை. அவரை நினைவில் வைக்க வேண்டியவர்கள் பங்கு மக்களாகிய நாமே. நாமோ கோபுரத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த மலரின் ஆசிரியர் குழுவினர் பங்கு இல்லத்துப் பழைய திருமுழுக்கு, அடக்கப் பதிவேடுகளைத் திறந்து பார்க்கட்டும். வெறும் இரண்டு ஆண்டெண்களாய்க் குறுகிப்போன அக்குருவின் கையெழுத்து அங்கே பக்கம் பக்கமாய் இருக்கிறது, நம் வீட்டுப் பெயர்களின் அருகிலேயே.