சலுகை யாரைக் கட்டிப்போடுகிறது?

ஒரு பெரிய தொழிற்சாலை தமிழகத்தை விட்டுவிட்டு ஆந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் ஒரே குரல் எழுகிறது: அவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், நாம் கையை இறுக்கினோம். 2017இல் கியா கார் ஆலை அனந்தபூர் மாவட்டத்துப் பெனுகொண்டாவுக்குப் போனபோது எழுந்த அந்தக் குரல் இன்னும் அடங்கவில்லை. சலுகை செலவல்ல, முதலீடு என்ற வாதமும் கூடவே வருகிறது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990களின் பிற்பாதியில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு உதிரிபாக நிறுவனங்கள் அதைச் சுற்றி வளர்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் முகமே மாறியது. பெரிய ஆலை ஒன்று மூடினால் டீக்கடை முதல் வாடகை வீடு வரை அடி விழும் என்பதும் மெய்தான். ஆனால் இவையெல்லாம் ஆலை ஊரில் இருப்பதால் வரும் நன்மைகள். சலுகை கொடுத்தால் ஆலை ஊரில் தங்கும் என்பதற்கு இவை சான்றாகா. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் சலுகையின் ஆதரவாளர்கள் ஒவ்வொரு முறையும் வெல்கிறார்கள்.

சலுகை ஒப்பந்தத்தின் அடிப்படைக் கோளாறு, அது கொடுப்பவரைக் கட்டுகிறது, வாங்குபவரைக் கட்டுவதில்லை என்பதே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் போயிங் நிறுவனமும் இதற்கு மிகத் தெளிவான சாட்சி. 787 விமானத்தைத் தன் மண்ணிலேயே கட்ட வேண்டும் என்று 2003இல் அம்மாநிலம் பெரும் வரிச்சலுகை அளித்தது. போயிங் அதை வாங்கிக்கொண்டு, 2009இல் அதே விமானத்தின் இரண்டாவது உற்பத்திப் பிரிவைத் தென் கரோலினாவில் அமைக்க முடிவெடுத்தது. பாடம் கற்றிருக்க வேண்டிய மாநிலம், 2013 நவம்பரில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி, 777எக்ஸ் விமானத்துக்காக அந்தச் சலுகையை 2040 வரை நீட்டித்தது. மதிப்பு சுமார் 870 கோடி டாலர். நிபந்தனை என்னவென்றால், அந்த விமானத்தின் இறக்கையும் இறுதிக் கட்டுமானமும் அங்கே நடக்க வேண்டும். இத்தனை பேருக்கு வேலை இருக்க வேண்டும் என்று ஒரு எண் கூடச் சட்டத்தில் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அம்மாநிலத்தில் போயிங்கின் வேலைகள் 12,000க்கும் மேல் குறைந்தன. நிறுவனம் எந்த நிபந்தனையையும் மீறவில்லை. 787இன் இறுதிக் கட்டுமானம் முழுவதையும் தென் கரோலினாவுக்கு மாற்றுவதாக 2020இல் அறிவித்தது.

வேலைக் குறைப்பை விட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே தொழிலாளருக்கு நடந்ததுதான். மாநிலம் சலுகை கொடுத்த அதே மாதத்தில், பழைய ஓய்வூதியத் திட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி நிறுவனம் தொழிற்சங்கத்தைக் கேட்டது. தொழிலாளர்கள் மறுத்தார்கள். உடனே போயிங் மற்ற மாநிலங்களிடம் விண்ணப்பம் கேட்டது. 22 மாநிலங்கள் வரிசையில் நின்றன. 2014 ஜனவரியில் நடந்த மறுவாக்கெடுப்பில் 51 சதவீதத்தினர் இசைந்தார்கள், ஓய்வூதியம் போனது. 2024இல் ஐம்பது நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தும் அது திரும்பவில்லை. ‘போய்விடுவோம்’ என்ற ஒரே மிரட்டலுக்கு அரசு வரியாகவும் தொழிலாளி ஓய்வூதியமாகவும் இரண்டு முறை விலை கொடுத்தார்கள். அரசு முதலில் பணிந்ததால் அந்த மிரட்டலுக்கு மதிப்புக் கூடியது. தொழிலாளரைக் காப்பதற்கென்று கொடுத்த பணம், பேரம் பேசும் மேசையில் அவர்களையே தனிமைப்படுத்தியது.

நம் ஊர்க் கதை நோக்கியா. 2005இல் ஒப்பந்தம், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி, நிலத்திலிருந்து வரி வரை சலுகை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். வருமான வரித்துறையும் மாநில அரசும் நோட்டீஸ் அனுப்பி விரட்டியதால்தான் மூடினார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். வரி வழக்கு இருந்தது; அதனால்தான் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்தச் சொத்துகளில் சென்னை ஆலை சேரவில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன ஆலைகள் என்ன ஆயின? ஹங்கேரியின் கோமாரோம் ஆலையை மூடுவதாக அதே 2014இல் அறிவித்தார்கள். மறு ஆண்டே கைப்பேசித் தொழிலில் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதினார்கள். சந்தை கைவிட்ட பொருளைச் செய்யும் ஆலையை எந்த அரசின் சலுகையும் தாங்கிப் பிடிக்க முடியாது. சந்தை இருக்கும் வரை அந்தச் சலுகை தேவைப்படவும் இல்லை.

நாம் கொடுக்காவிட்டால் பக்கத்து மாநிலம் கொடுக்குமே என்பார்கள். கொடுக்கட்டும். அமெரிக்கச் சலுகைகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருளியலாளர் டிமோதி பார்டிக், 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நிறுவனங்களின் இடத்தேர்வைச் சலுகை மாற்றுவது 2 முதல் 25 சதவீத நேர்வுகளில் மட்டுமே என்றார். அதாவது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது சலுகை இல்லாமலும் அங்கேயே இருந்திருப்பார்கள். அவர்கள் பார்ப்பது துறைமுகம், உதிரிபாகம், பழகிய கைகள், தடையில்லா மின்சாரம். சென்னையைச் சுற்றி இவை இருக்கின்றன. கண்டிப்பான நிபந்தனை போடலாமே என்பது அடுத்த வாதம். விஸ்கான்சின் போட்டது. 2017இல் ஃபாக்ஸ்கான் 13,000 வேலை தருவதாகச் சொல்லி, சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்பந்தம் செய்தது. வேலை வராததால் மாநிலம் பணத்தைப் பிடித்துவைத்தது. 2021இல் சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலராகவும், வேலை இலக்கு 1,454ஆகவும் சுருங்கின. இது நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் மவுண்ட் பிளெசன்ட் ஊராட்சி அதற்குள் நிலம் வாங்கி, வீடுகளை அகற்றி, சாலையும் குடிநீர்க் குழாயும் போட்டு முடித்திருந்தது. அந்த வீடுகளைத் திருப்பிக் கட்ட எந்த நிபந்தனையிலும் வழியில்லை.

இங்கே நிலைமை இன்னும் மோசம். முதலீட்டுத் தொகையும் வேலை எண்ணிக்கையும் விழா மேடையில் முழங்கப்படுகின்றன; பதிலுக்கு எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பது அதே மேடையில் சொல்லப்படுவதில்லை. சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் அரசு, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் சட்டப்பேரவையில் வைக்கட்டும். பணத்தை முதலீட்டுக் கணக்கில் தராமல், நிரந்தரத் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதிப் பதிவைப் பார்த்து, வேலை நடந்து முடிந்த ஆண்டுக்கு மட்டும் தரட்டும். இதற்கு ஒப்பாத நிறுவனம், தங்கும் எண்ணத்தோடு வரவில்லை. அதற்கு ஒதுக்கிய தொகையை ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும், பெண் தொழிலாளர் விடுதிகளுக்கும், ஏரிகளைத் தூர்வாரவும் செலவிடலாம். நிறுவனம் போனாலும் அவை அடுத்து வருபவருக்குப் பயன்படும்.