போர்ஷியா

சிலந்தி வலையில் ஒட்டிய காய்ந்த இலைத் துணுக்கு என்றே கண் சொல்லும். பழுப்பு உடல், கால்களில் குஞ்சம் குஞ்சமாக மயிர், தயங்கித் தயங்கி அசையும் நடை. இதுதான் போர்ஷியா, பிற சிலந்திகளையே விரும்பி உண்ணும் தாவும் சிலந்திப் பேரினம். 1878இல் கார்ஷ் இதற்குப் பெயரிட்டார். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று பரந்து கிடக்கும் பேரினம். போர்ஷியா லேபியாட்டா என்ற இனம் இலங்கையிலும் உண்டு.

அதன் முகத்தை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் நீண்ட குழாய்கள். லென்ஸ் ஓட்டோடு பதிந்திருக்க, உள்ளே விழித்திரையை மட்டும் தசைகள் அசைக்கின்றன. குழாயின் அடியில் இன்னொரு லென்ஸ் போன்ற அமைப்பு பிம்பத்தைப் பெரிதாக்குகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள உடம்புக்குள் டெலிஃபோட்டோ கண்! பெரும்பாலான தாவும் சிலந்திகளில் சிறுத்துப்போன பின்நடுக் கண்கள் இதில் பெரிதாகவே இருக்கின்றன. ஸ்பார்ட்டேயினே துணைக்குடும்பத்தில் இதைச் சேர்ப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பொறுமை. அயல் வலையின் ஓரத்தில் நின்று இழைகளைச் சுண்டும். வலைக்காரி அசையும் தாளம் கிடைக்கும்வரை விதவிதமாக மாற்றிப் பார்க்கும், கிடைத்ததும் அதையே பிடித்துக்கொள்ளும். காற்று வலையை உலுக்கும்போது, அந்த அதிர்வின் மறைவில் முன்னேறும். பிலிப்பைன்ஸில், பசை உமிழும் சிலந்தியை நெருங்க வேண்டுமானால் பெரும்பாலும் சுற்றிப்போய்ப் பின்புறமாக வரும்.